பச்சை உடம்பில் புகுந்த மர்மம்: டாக்டர் ஷீஹான் வாழ்க்கைக் கதை

பிள்ளை பெற்ற பெண்கள் சிலர் திடீரென்று மாண்டு போனது ஏன்? பிழைத்தவர்களில் சிலர் நடைப்பிணமாக வாழ்ந்தது ஏன்? கொண்டைக்கடலை அளவே உள்ள ஒரு சுரப்பியில் இதற்கு விடை கண்ட டாக்டரின் கதை இது.

பிரசவம் முடிந்தது. பிள்ளை நலம். தாய்க்கு மட்டும் உதிரம் நிற்கவில்லை. முகம் வெளுத்தது. கை, கால் சில்லிட்டன. நாடி விழுந்தது. வீட்டார் அழத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் எப்படியோ அவள் பிழைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு அவள் பழைய பெண் அல்ல!

மார்பில் ஒரு சொட்டுப் பால் இல்லை. சுறாப்புட்டு கொடுத்தார்கள். பூண்டும் வெந்தயமும் கொடுத்தார்கள். பலன் இல்லை. மாதவிலக்கு திரும்பவே இல்லை. வெயில் காலத்திலும் போர்வை கேட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுந்தாள். முப்பது வயதில் அறுபது வயதுக் கிழவி போல ஆனாள்.

திருப்பூர் மாவட்டத்துக் கொமரலிங்கம் ஆனாலும் சரி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் குக்கிராமம் ஆனாலும் சரி, வீட்டிலேயே மருத்துவச்சி பிள்ளைப்பேறு பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட பெண்கள் இருந்தார்கள். பச்சை உடம்பில் சீதளம் ஏறிவிட்டது என்றார்கள் சிலர். காற்று, கருப்பு அண்டிவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள் சிலர். மாமியார்மார் சோம்பேறி என்று பட்டம் கட்டினார்கள்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சல் வரும். மற்றவர்களுக்கு அது கஷாயத்தில் போகிற காய்ச்சல். இவளோ இரண்டே நாளில் நினைவு தப்பிப் போய்ச் சேர்ந்துவிடுவாள். ஏன் செத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தவர் பெயர் ஹெரால்டு லீமிங் ஷீஹான். வைத்தியக் கல்லூரியில் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் இந்தப் பெயரைப் பரீட்சையில் எழுதியே ஆகவேண்டும். ஆனால் அவர் எப்படிப்பட்டவர், என்ன பாடுபட்டார் என்பது அவர்களில் பலருக்கே தெரியாது.

13 பிள்ளைகளில் ஒருவர்

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டி, கார்லைல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1900-ம் ஆண்டு ஷீஹான் பிறந்தார். தந்தை டாக்டர். வீட்டில் 13 குழந்தைகள். அவர்களில் இவர் இரண்டாவது.

பதின்மூன்று முறை பிள்ளை பெற்ற ஒரு தாயின் மகன், பின்னாளில் பிரசவத்தில் இறந்த தாய்மார்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று அவர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. நாமாக முடிச்சுப் போடவேண்டாம்.

மான்செஸ்டர் சர்வகலாசாலையில் வைத்தியம் படித்து 1921-ல் தேறினார். பிறகு சகோதரருடன் சேர்ந்து சாதாரண டாக்டராகத் தொழில் நடத்தினார். சளி, இருமல், கால் முறிவு, பிரசவம் எல்லாம் பார்த்தார். 1927 வரை இப்படியே ஓடியது.

நல்ல வருமானம் வரும் தொழில். ஆனால் ஷீஹானின் மனம் அதில் நிற்கவில்லை. நோயாளி ஏன் செத்தான் என்று தெரியாமல் மரணச் சான்றிதழில் கையெழுத்துப் போட அவருக்குப் பிடிக்கவில்லை போலும். மான்செஸ்டருக்கே திரும்பினார். நோய்க்குறியியல் துறையில் ஆசிரியராகச் சேர்ந்தார். நோயால் உடம்பின் உறுப்புகள் எப்படி மாறுகின்றன என்பதை ஆராயும் படிப்பு இது. பெரும்பாலும் பிணத்தோடும் மைக்ராஸ்கோப்போடும்தான் பழக்கம்!

1934-ல் ராக்பெல்லர் உதவித் தொகை கிடைத்தது. அமெரிக்கா சென்று, பால்டிமோர் நகரில் உள்ள புகழ்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியக் கல்லூரியில் ஓராண்டு வேலை செய்தார். திரும்பியதும் கிளாஸ்கோ நகரின் அரசப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சித் தலைவர் பதவி காத்திருந்தது. அப்போது அவருக்கு வயது 35.

ராட்டன்ரோ ஆஸ்பத்திரி

அந்த ஆஸ்பத்திரி இருந்த தெருவின் பெயர் ராட்டன்ரோ. கிளாஸ்கோ மக்கள் ஆஸ்பத்திரியையே அந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

கப்பல் கட்டும் தொழிலால் பணம் கொழித்த நகரம் கிளாஸ்கோ. ஆனால் தொழிலாளிகள் வாழ்ந்ததோ வெயில் படாத இருட்டுக் குடியிருப்புகளில். சிறு வயதில் வெயிலும் நல்ல உணவும் இல்லாமல் எலும்பு வளைந்த பெண்கள் அங்கே ஏராளம். இடுப்பெலும்பு குறுகிப் போனதால் பிள்ளை வெளியே வர வழியில்லாமல் தவித்தார்கள். 1888-ல் மர்டாக் கேமரன் என்ற டாக்டர் இதே ஆஸ்பத்திரியில்தான் ஒரு குள்ளப் பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்துத் தாயையும் காப்பாற்றினார். உலகமே வியந்தது.

ஷீஹான் வந்த காலத்தில் பிரிட்டனில் 1,000 பிரசவம் நடந்தால் நான்கு முதல் ஆறு தாய்மார் இறந்தார்கள். கிளாஸ்கோவில் மிகவும் சிக்கலான பிரசவங்கள் எல்லாம் ராட்டன்ரோவுக்கு வந்தன. எனவே சாவும் அங்கே அதிகம்.

இறந்த ஒவ்வொரு தாயையும் அறுத்துப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது ஷீஹானின் வேலை. அவர் ஒரு கண்டிப்பான பழக்கம் வைத்திருந்தார். உயிர் போன ஓரிரு மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும்! பிரசவத்துக்கும் சாவுக்கும் இரவு, பகல் கிடையாது. நள்ளிரவு ஆனாலும் பனி கொட்டினாலும் வேலை நின்றுவிடக் கூடாது.

ஏன் இந்த அவசரம்?

உயிர் போனவுடன் உடம்பு தானாகவே சிதையத் தொடங்கும். ஈரல், சிறுநீரகம் போன்ற மென்மையான உறுப்புகள் சில மணி நேரத்திலேயே நிலை மாறும். காலையில் அறுத்துப் பார்த்தால், இந்த மாறுதல் நோயால் வந்ததா, செத்த பின் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மற்ற டாக்டர்கள் இங்கேதான் ஏமாந்தார்கள். ஷீஹான் ஏமாறவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரும்பாலான இடங்களில் பிரேதப் பரிசோதனை என்றால் நெஞ்சையும் வயிற்றையும் திறந்து பார்ப்பார்கள். மண்டையின் அடித்தளத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு சுரப்பியை வெட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

துருக்கிக் குதிரைச் சேணம்

பிட்யூட்டரி என்பது அந்தச் சுரப்பியின் பெயர். எடை அரை கிராம்தான். இரண்டு கண்களுக்கும் நடுவே, மூக்குக்குப் பின்னால், மூளையின் அடியில் ஒரு காம்பில் தொங்குகிறது. அது உட்கார எலும்பில் ஒரு குழி இருக்கிறது. குதிரைச் சேணம் போலத் தோன்றுவதால் துருக்கிச் சேணம் என்று அதற்குப் பெயர்.

மூளையில் ஊறும் சளி இதன் வழியாக மூக்குக்கு வடிகிறது என்று பழங்கால ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பினார்கள். பிட்யூட்டரி என்ற பெயரே சளி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழில் கபச் சுரப்பி என்று பெயர் வைத்ததும் அதனால்தான். பாவம், பெயர் இழுக்கு! சளிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

உண்மையில் அது உடம்பின் கலெக்டர் ஆபீஸ். தைராய்டு சுரப்பிக்கு அங்கிருந்து உத்தரவு போகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் கருப்பைக்குப் பக்கத்தில் உள்ள சூலகத்துக்கும் உத்தரவு போகிறது. பால் சுரக்கச் செய்வதும் அதுவே. இவை எல்லாம் சுரப்பியின் முன்பாதியின் வேலைகள்.

கர்ப்பம் தரித்ததும் முன்பாதி வீங்கிப் பெரிதாகிறது. பிறக்கப் போகும் பிள்ளைக்குப் பால் வேண்டுமே! பால் உத்தரவைத் தயாரிக்கும் செல்கள் பருத்துப் பெருகுகின்றன. சுரப்பி பெரிதாகிறது. ஆனால் எலும்புக் குழி பெரிதாவதில்லை.

கடைமடை வயல்

இந்த இடத்தை அமராவதிப் பாசனத்து விவசாயிகள் மற்ற எவரையும்விட எளிதாகப் புரிந்துகொள்வார்கள்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எது? கடைமடை வயல். அதிலும் நெல் பொதி கட்டும் பருவமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் பதராகிவிடும்.

பிட்யூட்டரியின் முன்பாதி ஒரு கடைமடை வயல். அதற்கு வரும் ரத்தத்தில் பெரும்பகுதி நேராக வருவதில்லை. மேலே காம்புப் பக்கத்தில் ஒரு முறை நுண்ணிய குழாய்களில் பாய்ந்து, வேகம் குறைந்து, பிறகுதான் இங்கே வருகிறது. அழுத்தம் மிகக் குறைவு. கர்ப்ப காலத்தில் பயிரும் பொதி கட்டி நிற்கிறது. அந்த நேரத்தில் குடம் குடமாக உதிரம் கொட்டி, ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால்?

முன்பாதி மடிந்துவிடுகிறது! பின்பாதிக்கு நேரடியாகத் தனி மடை உண்டு. ஆகையால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது.

ராட்டன்ரோவில் மைக்ராஸ்கோப்பின் கீழ் ஷீஹான் கண்டது இதைத்தான். உயிரோடு இருக்கும் செல்லுக்குள் சாயம் ஏற்றினால், நடுவே கரு நீலமாகத் தெரியும். இந்தச் சுரப்பிகளில் செல்லின் உருவம் இருந்தது. கருவைக் காணோம். ஆள் இல்லாத வீடுகள் வரிசையாக நிற்பது போல இருந்தது. ஓரத்தில் மட்டும் மெல்லிய விளிம்பாகச் சில செல்கள் உயிரோடு இருந்தன.

ஒரு சங்கதி அவரைக் குழப்பியிருக்க வேண்டும். உதிரம் கொட்டி உடனே இறந்த பெண்களின் சுரப்பி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் உயிரோடு இருந்து பிறகு இறந்தவர்களிடம்தான் மாறுதல் தெரிந்தது. காரணம் இதுதான். ரத்தம் கிடைக்காமல் செத்த செல், செத்தது போலத் தோன்றப் பல மணி நேரம் ஆகும். அந்த மாறுதல் நடக்க மற்ற உடம்பு உயிரோடு இருக்கவேண்டும். உடனே மாண்டவளின் சுரப்பிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஆகவே திடீர் மரணத்தில் சுரப்பி நன்றாக இருக்கிறது என்று எழுதிவிட்டால் அது பாதி உண்மைதான்!

1937-ல் ஷீஹான் தம் கட்டுரையை வெளியிட்டார். பிரசவத்துக்குப் பின் இறந்த 11 பெண்கள். பதினோரு பேருக்கும் பிட்யூட்டரியின் முன்பாதி மடிந்திருந்தது. அவர்களில் ஒன்பது பேருக்குப் பிரசவத்தின்போது கடுமையான உதிரப்போக்கு. மற்ற இரண்டு பேருக்கு அப்படி இல்லை. அதையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

ஹாம்பர்க் டாக்டர்

ஷீஹானுக்கு முன் யாரும் இதைப் பார்க்கவே இல்லையா? பார்த்தார்கள். 1913-ல் போலந்து நாட்டு கிளின்ஸ்கி பார்த்தார். 1914-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மோரிஸ் சிம்மண்ட்ஸ் பார்த்தார்.

சிம்மண்ட்ஸ் அறுத்துப் பார்த்த பெண்ணுக்கு வயது 46. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் பிரசவ ஜன்னி கண்டது. அதிலிருந்து உடல் தேய்ந்து, கடைசியில் நினைவிழந்து இறந்தாள். பிட்யூட்டரி இருந்த இடத்தில் ஒரு தழும்புதான் மிச்சம். ஜன்னிக் கிருமிகள் ரத்தக் கட்டியாக வந்து சுரப்பியை அடைத்துவிட்டன என்று சிம்மண்ட்ஸ் எண்ணினார். உலகமும் அப்படியே நம்பியது.

குற்றவாளி ஜன்னி அல்ல, உதிரப்போக்கும் அதனால் வரும் அதிர்ச்சியும்தான் என்று நிரூபித்தவர் ஷீஹான். இந்த வித்தியாசம் சின்னது அல்ல. உதிரப்போக்கு என்றால் தடுக்கலாம். ரத்தம் ஏற்றலாம். சிகாகோவில் ஓர் ஆஸ்பத்திரி ரத்த வங்கியை ஏற்படுத்தியதும் அதே 1937-ல்தான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். கருப்பையைச் சுருங்க வைத்து உதிரத்தை நிறுத்தும் ஆக்ஸிடோசின் என்ற பொருள் வெளிவருவதும் இதே பிட்யூட்டரியின் பின்பாதியிலிருந்துதான். 1953-ல் அமெரிக்க விஞ்ஞானி டு விக்னோ அதைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளை பிறந்ததும் தாய்க்குப் போடுகிறார்களே ஓர் ஊசி, அது இதுதான். முன்பாதியைக் காப்பாற்றும் மருந்து பின்பாதியில் இருந்திருக்கிறது!

உயிரோடு இருந்தவர்களைத் தேடி

பிணத்தைப் பார்த்ததோடு ஷீஹான் நின்றிருந்தால் அவர் பெயர் நோய்க்குறியியல் புத்தகத்தின் ஒரு மூலையில் கிடந்திருக்கும்.

அவர் வேறு விதமாக யோசித்தார். இத்தனை பேர் சுரப்பி மடிந்து இறந்தார்கள் என்றால், அதே அளவு உதிரம் கொட்டிப் பிழைத்துப் போனவர்களின் சுரப்பி என்ன ஆகியிருக்கும்?

மர்டாக் என்ற டாக்டருடன் சேர்ந்து ஆஸ்பத்திரிப் பழைய பதிவேடுகளைப் புரட்டினார். கடுமையான உதிரப்போக்குக்கு ஆளாகி வீடு திரும்பிய பெண்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள்.

அந்தப் பெண்களில் பலர் ஒரே கதையைச் சொன்னார்கள். பால் சுரக்கவில்லை. மாதவிலக்கு வரவில்லை. பிரசவத்துக்கு முன் நர்ஸ் சவரம் செய்த இடத்தில் முடி திரும்ப முளைக்கவில்லை. குளிர் தாங்கவில்லை. எதிலும் பற்று இல்லை. இவர்களை நரம்புத் தளர்ச்சி, மனக் கோளாறு என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டிருந்தார்கள். கொமரலிங்கத்தில் வேப்பிலை, கிளாஸ்கோவில் நரம்பு டானிக். அவ்வளவுதான் வித்தியாசம்!

முடி பற்றிய அந்தச் சின்ன விவரத்தை ஓர் ஆண் டாக்டர் வெட்கப்படாமல் கேட்டு எழுதினாரே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். இன்றும் இந்த நோயைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் கேட்கும் கேள்விகளில் அது ஒன்று.

பட்டினி கிடந்த பெண்கள்

1939-ல் உலக யுத்தம் மூண்டது. ஷீஹான் ராணுவ வைத்தியப் படையில் சேர்ந்தார். இத்தாலிப் போர்முனையில் நோய்க்குறியியல் பிரிவில் உயர் பதவி வகித்தார். கர்னல் அந்தஸ்து கிடைத்தது. 1946-ல் லிவர்பூல் சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார். அதன் பிறகு லிவர்பூல்தான் அவர் வீடு.

இதற்குள் வேறொரு குழப்பம் முற்றியிருந்தது. சிம்மண்ட்ஸ் பார்த்த பெண் மெலிந்து இறந்தாள் அல்லவா? அதனால் மிகவும் மெலிந்த பெண் யார் வந்தாலும் பிட்யூட்டரி கெட்டுவிட்டது என்று டாக்டர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். மன வேதனையால் சாப்பிட மறுத்துத் தங்களைத் தாங்களே பட்டினி போட்டுக்கொண்ட இளம் பெண்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சுரப்பிச் சாறு ஊசி போட்டார்கள். வேண்டியதோ மனத்துக்கு வைத்தியம்!

1949-ல் ஷீஹான், சம்மர்ஸ் என்பவருடன் சேர்ந்து உலகம் முழுவதும் வெளிவந்திருந்த கட்டுரைகளை எல்லாம் சலித்தார். பிரேதப் பரிசோதனையில் சுரப்பி மடிந்தது நிரூபணமான நோயாளிகளை மட்டும் தனியே பிரித்தார். அவர்கள் எலும்பும் தோலுமாக இல்லை! பலருக்கு உடல் எடை சாதாரணமாகவே இருந்தது. மெலிவது இந்த நோயின் அடையாளமே அல்ல என்று அடித்துச் சொன்னார். முப்பது ஆண்டுத் தவறு ஒழிந்தது. சிம்மண்ட்ஸ் பெயரும் மெல்ல மறைந்தது. ஷீஹான் நோய் என்ற பெயர் நிலைத்தது.

காய்ச்சலில் காத்திருக்கும் சாவு

சுரப்பி மடிந்த பெண் பத்து, இருபது ஆண்டுகள்கூட நடமாடுவாள். ஆனால் அவள் வீட்டில் அவசரச் செலவுக்குக் காசு கிடையாது.

காய்ச்சல், வாந்தி, பேதி, ஆபரேஷன் எது வந்தாலும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற பொருளை அதிகமாகச் சுரந்து உடம்பைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குப் பிட்யூட்டரியின் உத்தரவு வேண்டும். உத்தரவு போட ஆள் இல்லை. ரத்த அழுத்தம் விழும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். நினைவு போகும். மற்றவர் கண்ணுக்கு அது திடீர் மரணம். உண்மையில் அந்த மரணம் என்றோ ஒரு நாள் பிரசவ அறையிலேயே தொடங்கிவிட்டது.

1948-ல் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனை டாக்டர் ஹென்ச், மூட்டு வாத நோயாளிக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுத்தார். வாத நோய்க்கு வந்த அந்த மருந்து ஷீஹான் நோய்க்கு உயிர் மருந்தாக அமைந்தது. தினமும் மாத்திரை. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். இவ்வளவுதான்! அதிக விலையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. இந்தப் பெண்ணுக்குத் தைராய்டும் குறைந்திருக்கும். அதை மட்டும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டுத் தைராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தால் ஆபத்து. உடம்பின் ஓட்டம் வேகமாகும். தாங்கிப் பிடிக்கக் கார்ட்டிசால் இருக்காது. நோயாளி சரிந்துவிடுவாள். முதலில் அட்ரினலுக்கு உரிய மருந்து. பிறகே தைராய்டு மருந்து. கடைசிப் பிரசவத்தில் உதிரம் நிறையப் போனது, பால் சுரக்கவில்லை என்ற இரண்டு தகவலை நோயாளி சொன்னால் போதும். டாக்டர் உஷாராகிவிடுவார்.

மேல்நாடுகளில் ரத்த வங்கிகளும் நல்ல பிரசவ வசதியும் வந்தபின் இந்த நோய் அரிதாகிவிட்டது. நம் நாட்டில் அப்படி இல்லை. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் டாக்டர்கள் நடத்திய ஆராய்ச்சி 2005-ல் வெளிவந்தது. பிள்ளை பெற்ற பெண்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு இந்த நோய் இருந்ததாக அது சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவம் ஆனவர்கள்.

தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி 100-க்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. ஆகவே புதிதாக இந்த நோய் வருவது குறைந்திருக்க வேண்டும். ஆனால் முந்தைய தலைமுறையில் வீட்டில் பிள்ளை பெற்று, உதிரம் கொட்டி, அன்றிலிருந்து ஒடுங்கிப்போன அம்மாவோ அத்தையோ அம்முச்சியோ இன்னும் பல வீடுகளில் இருக்கலாம். அவர்களுக்கு இப்போதும் வைத்தியம் உண்டு.

கண்ணாடி விரியன்

இனி வருவது ஷீஹானே எதிர்பார்த்திராத அத்தியாயம். பிரசவ அறையிலிருந்து நெல் வயலுக்குப் போகிறோம்.

கொமரலிங்கம் அமராவதி ஆற்றங்கரை ஊர். மடத்துக்குளம் தாலுகாவைச் சேர்ந்தது. திருப்பூர் என்றதும் பனியன் மில்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாவட்டத்தின் இந்தத் தென்கோடியில் நெல்லும் கரும்பும் தென்னையும்தான் கண்ணில் படும். நெல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் கண்ணாடி விரியன் வரும்.

இந்தப் பாம்பை ஐரோப்பியர்களுக்கு விவரித்துச் சொன்னவர் பாட்ரிக் ரஸ்ஸல். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரைப் பாம்புகளை ஆராய்ந்து 1796-ல் படங்களோடு புத்தகம் வெளியிட்டவர். அவர் பெயரையே பாம்புக்கு வைத்துவிட்டார்கள்.

விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுக்கிறது. முதலில் நுண்ணிய குழாய்களுக்குள் ரத்தம் உறைந்து அடைக்கிறது. உறைய வைக்கும் பொருள் தீர்ந்து போனதும், எங்கே பார்த்தாலும் ரத்தம் கசிகிறது. கடிபட்டவரின் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைக்கிறார்கள். உறையவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்து ஏற்ற வேண்டும். எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் செய்யக்கூடிய சோதனை இது.

கடிபட்டவர்களில் சிலர் திடீரென்று ரத்த அழுத்தம் விழுந்து இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் தேறவே இல்லை. ஆண்களுக்கு மீசை, தாடி உதிர்ந்தது. ஆண்மை போனது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றது. விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறது என்று ஊரார் சொன்னார்கள்.

பர்மாவில் நெல் விவசாயிகளைக் கொன்று குவித்ததும் கண்ணாடி விரியன் வகைப் பாம்புதான். அங்கே துன் பே, ஆக்ஸ்போர்டு டாக்டர் வாரல் முதலியோர் இறந்தவர்களின் சுரப்பியை ஆராய்ந்தார்கள். பிட்யூட்டரிக்குள் ரத்தம் கசிந்திருந்தது. பிழைத்தவர்களைச் சோதித்தார்கள். சுரப்பி வேலை செய்யவில்லை. ஷீஹான் கிளாஸ்கோவில் கண்ட அதே அழிவு! 1987-ல் லான்செட் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே ஷீஹான் பெயர் இருந்தது. பாம்புக் கடிக்கும் பிரசவத்துக்கும் முடிச்சு விழுந்துவிட்டது.

இந்திய டாக்டர்கள் சிலர் 1976-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். இலங்கையிலிருந்து முதல் நோயாளி பற்றிய விவரம் 2011-ல்தான் வெளிவந்தது.

ஆகவே வரப்பில் விரியன் கடித்துப் பிழைத்த ஒருவர் அதன் பிறகு சோர்ந்தே கிடந்தால், விஷத்தின் மிச்சம் என்று மந்திரிக்கப் போவது வீண். காலையில் ரத்தம் எடுத்துக் கார்ட்டிசாலும் தைராய்டும் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். மாத்திரை அதே மாத்திரைதான்.

ஓய்வு பெற்ற பின்

ஷீஹானின் மற்ற வேலைகளை இங்கே விரிக்க இடமில்லை. கர்ப்பிணிகளுக்குத் திடீரென்று ஈரலில் கொழுப்பு ஏறிச் சாவு வரும் நோயை 1940-ல் தனியாகப் பிரித்துக் காட்டியவர் அவர்தான். அதுவரை மயக்க மருந்தான குளோரோபாரத்தின் மேல் பழி விழுந்து கொண்டிருந்தது. பிரசவ வலிப்பைப் பற்றியும் பல்லாண்டு உழைத்தார்.

1965-ல் லிவர்பூல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது சம்பளப் பட்டியலில்தான். கிளாஸ்கோவில் முப்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்த திசுக் கண்ணாடித் தகடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1973-ல் லிஞ்ச் என்பவருடன் சேர்ந்து கர்ப்பகால நோய்கள் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். 1982-ல் டேவிஸ் என்பவருடன் சேர்ந்து பிட்யூட்டரி பற்றிய நூலை முடித்தார். அப்போது அவருக்கு வயது 82. முதல் கட்டுரை வந்து 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.

சுரப்பிக்கு ரத்தம் நின்றது எப்படி என்பதில் மட்டும் கடைசி வரை விவாதம் தீரவில்லை. ரத்தக் குழாய் இறுகிச் சுருங்குவதே காரணம் என்று ஷீஹான் வாதாடினார். வீங்கிய சுரப்பியைக் குறுகலான எலும்புக் குழி நெருக்குவதும் ஒரு காரணம் என்கிறார்கள் பின்னால் வந்தவர்கள். செத்துப் போன திசுவை உடம்பே அன்னியமாக எண்ணித் தாக்கி, மிச்சம் உள்ளதையும் அழிக்கிறது என்பது இன்னொரு கட்சி.

1988-ல், தம் 88-வது வயதில், ஷீஹான் காலமானார். பர்மா நெல் வயல்களில் தம் பெயர் அடிபட்டதற்கு அடுத்த ஆண்டு அது.

ராட்டன்ரோ ஆஸ்பத்திரி 2001-ல் மூடப்பட்டது. கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் தோட்டம் போட்டார்கள். பழைய வாசல் வளைவை மட்டும் விட்டுவைத்தார்கள். தோட்டத்தின் நடுவே ஆளைவிட உயரமான ஓர் எஃகு ஊக்கு நிறுத்தப்பட்டது. குழந்தையின் இடுப்புத் துணியில் குத்துவார்களே, அந்த ஊக்கு.